சொட்டுங்காவிலிருந்து பார்த்தால்

கோத்தன்பர்க், 9 மார்ச் 2022

அன்புள்ள ஹென்னிங்,

இன்று மதியம் உன் தீவில் ரொட்டி வாங்கப் போனேன். கடை மூடியிருந்தது. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கே மூடிவிடுவார்களாமே, நீ சொல்லவே இல்லையே?

பயப்படாதே, நான் என் மேஜையை விட்டு நகரவில்லை. போன ஆகஸ்டில் படகின் எஞ்சின் நின்றுபோய் நாம் நான்கு மணி நேரம் நடுக்கடலில் கிடந்தபோது என் வேலையைப் பற்றிச் சொன்னேனே, அதுதான். நீ பாதிதான் கேட்டாய், கண்ணெல்லாம் பட்டாணி சூப்பில் இருந்தது. மறுபடி சொல்கிறேன். தேடுபொறியில் ஒரே சொல்லைப் போட்டாலும் ஊருக்கு ஊர் வேறு விடை வரும். ஹோட்டல்காரர்களும் பல் டாக்டர்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, “மால்மோவில் இருப்பவருக்கு நாங்கள் எத்தனையாவதாகத் தெரிகிறோம்?” என்று கேட்பார்கள். நான் என் கம்ப்யூட்டரில் இருப்பிடத்தை மால்மோ என்று மாற்றி வைப்பேன். தேடுபொறி நான் அங்கே தெருவில் நிற்பதாக நம்பிவிடும். வெளிநாடு என்றால் அந்த நாட்டிலேயே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வழியாக நுழைவோம். பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. விவாகரத்தான நாளிலிருந்து என்று வைத்துக்கொள். ஒரு நாளில் ஏழு ஊரில் நிற்பேன், எந்த ஊரிலும் என்னை யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் யாரும் கேட்காமலே சொட்டுங்காவுக்கு வந்துவிடுகிறேன். அங்கே நின்று “டாக்டர்” என்று போட்டால் படகு நேரம் வருகிறது. நூலகம் செவ்வாய் மூன்று முதல் ஆறு வரை. சர்ச் பாட்டுக் குழுவின் ஒத்திகை இந்த வாரம் இல்லை. சாம்பல் நிறப் பூனை ஒன்றைக் காணவில்லை. இதையெல்லாம் வாசித்துக்கொண்டே சாண்ட்விச்சைத் தின்னும்போது ஜன்னலுக்கு வெளியே டிராம் ஓடுவது எனக்குக் கேட்பதில்லை. நீ கேட்கும் காற்றுதான் கேட்கிறது.

பக்கத்து மேஜை ரோலண்டுக்கு இது பெரிய வேடிக்கை. “என்ன உல்ரிகா, மறுபடி தீவுக்குப் போயிட்டியா? அங்க உனக்கு யாரு இருக்கா?” என்றான்.

“ஒரு பூனை காணாமப் போயிருக்கு. தேடுறேன்.”

“பூனைக்கு மீசை இருக்குமே?”

சிரித்து மழுப்பினேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் பெயரை நான் போட்டுப் பார்க்கவில்லை. இறங்கும்போது நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “என்னப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா எழுதிக் கேளு. அந்தப் பெட்டியில மட்டும் என் பேரத் தட்டாத.” சரி என்றேன். சொன்னால் சொன்னதுதான்.

பூனை கிடைத்ததா?

உல்ரிகா


சொட்டுங்கா, 21 மார்ச் 2022

அன்புள்ள உல்ரிகா,

பூனை கிடைத்துவிட்டது. சர்ச்சின் விறகுக் கொட்டகையில் நான்கு குட்டிகளோடு இருந்தது.

உன் கடிதத்தை முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். இங்கே மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேருக்குச் சமைப்பது எளிது என்று நினைக்காதே, ஒன்பது விதமாகக் குறை சொல்வார்கள். ஆல்மாவுக்குத் தொண்ணூற்றொரு வயது. என் கையில் உறையைப் பார்த்தால் விட மாட்டாள்.

“அந்தக் கோத்தன்பர்க் பொம்பளையா?”

“ஆமா ஆல்மா.”

“லெட்டர் எழுதுறவள நம்பலாம்ப்பா. ஃபோன் பண்றவ அவசரக்காரி. கேரட்ட இன்னும் வேக வை, எனக்குப் பல்லு இருக்குன்னு நெனச்சியா?”

நீ இங்கே வந்து போவதாக எழுதியதிலிருந்து எனக்கு மதிய நேரம் மாறிவிட்டது. பன்னிரண்டரைக்குக் கடை வழியாக நடக்கும்போது, நீயும் இப்போது இதே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றுகிறது. முட்டாள்தனம்தான். ஆனாலும் நேற்று அந்தக் கதவைப் பார்த்துத் தலையாட்டினேன். கடைக்காரி யாருக்கு என்று கேட்டாள்.

மருந்துக்கும் துணிக்கும் மாரியேஹாம் நகரத்துக்குப் போய் வருவது தவிர எட்டு வருடமாக நான் இந்தத் தீவை விட்டு நகர்ந்ததில்லை. அதனால் உன் வேலையில் எனக்கும் கொஞ்சம் பங்கு கொடு. பெர்கனில் நின்று “காலை” என்று போட்டுப் பார். லிஸ்பனில் “மழை”. கால்வேயில் “அமைதி”. என்ன வருகிறது என்று எழுது. இரவில் படுக்கும்போது நினைத்துக்கொள்ள எனக்கு இடங்கள் வேண்டும்.

ஜூன் இருபத்து நான்காம் தேதி மிட்சம்மர், எங்கள் கோடைத் திருவிழா. கம்பத்துக்கு இலை கட்டி நடுவோம். இல்லத்து மாடியில் விருந்தாளி அறை ஒன்று சும்மா கிடக்கிறது. நீ வந்து தங்கலாமா என்று கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். பதில் நீதான் சொல்ல வேண்டும்.

ஹென்னிங்


கோத்தன்பர்க், 4 ஏப்ரல் 2022

அன்புள்ள ஹென்னிங்,

உன் பட்டியலை எடுத்துக்கொண்டு மூன்று மதியங்கள் ஊர் சுற்றினேன்.

பெர்கனில் “காலை” என்று போட்டால் முதலில் வருவது குடைக் கடை. இரண்டாவது, மலைமேல் போகும் ரயிலின் முதல் வண்டி நேரம். காலை என்பது அவர்களுக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டிய ஒன்று போலிருக்கிறது. லிஸ்பனில் “மழை” ஒரு நடனப் பள்ளிக்குப் போகிறது, அதற்கு அடுத்து கூரை ஒழுகலை அடைப்பவர் ஒருவரின் எண். கால்வேயில் “அமைதி” ஒரு சவ அடக்க நிலையம், ஒரு யோகா வகுப்பு, கடைசிப் பேருந்து நிற்கும் இடத்துக்கும் அப்பால் இருக்கும் ஒரு கடற்கரை. அந்தக் கடற்கரையில் நெடுநேரம் நின்றேன். யாரோ போட்ட படத்தில் மணலும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன. எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

பிறகு அதே சொல்லை உன் தீவில் நின்று போட்டேன். பக்கத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. சொட்டுங்காவில் அமைதி இல்லையாம். ஆல்மாவிடம் சொல், சிரிப்பாள்.

மிட்சம்மருக்கு வருகிறேன். இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது, நம்புகிறாயா?

உல்ரிகா


கோத்தன்பர்க், 11 மே 2022

ஹென்னிங்,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாவதை எப்படியானாலும் தபாலில் போட்டுவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை உன்னிடம் வருவதற்கான ரயிலையும் கப்பலையும் பதிவு செய்தேன். மறுநாள் கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்ற துறைமுகத்தில் வேலை. கயிறும் நங்கூரமும் விற்கும் கம்பெனி ஒன்று அங்கே எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஊருக்குள் நுழைந்தேன். மூடுபனி என்று வானிலை சொன்னது. அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை, உன்னைத் தெரிந்தவரும் இல்லை. சந்தோஷத்தில் இருந்தேன். தனியாக இருக்கும்போது பிடித்தவர் பெயரை ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதுவோமே, அப்படித்தான் எழுதினேன். ஹென்னிங் ஹுல்ட்கிரேன். எழுதி முடித்த பிறகுதான் அது கண்ணாடி இல்லை என்று உறைத்தது.

பழைய செய்தி ஒன்று வந்தது. 1998, ஜூன். வெஸ்தர்விக் பக்கத்துத் தீவுகளுக்குப் போன பயணிகள் படகு ஒன்று, விடியற்காலை மூடுபனியில் ஒரு சிறு துடுப்புப் படகின் மேல் ஏறியது. அதில் இருந்த லிஸ்பெத் ஓக்கர்ப்ளூம், வயது இருபத்தேழு, இறந்துபோனாள். சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டிய துணைமாலுமி காபி எடுக்க நான்கு நிமிடம் விலகிப் போயிருந்தார். அந்தத் துணைமாலுமியாக உன் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது.

அதே பெயரைக் கோத்தன்பர்க்கில் நின்று போட்டேன். அந்த வரியே இல்லை. சொட்டுங்காவிலும் இல்லை. பாட்டுக் குழுவில் நீ மூன்றாவது வரிசை என்பது மட்டும் இருந்தது. புரிந்தது. ஐரோப்பாவுக்குள் இருந்து தேடுபவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று, இங்குள்ள சட்டப்படி, தேடுபொறிக்காரர்களுக்கு நீ எழுதிக் கேட்டிருக்கிறாய், அவர்களும் எடுத்திருக்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அது அப்படியே நிற்கிறது.

நான் வாக்குத் தவறினேன். காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் தெரியாதது போல உன் வீட்டு மேஜையில் வந்து உட்கார என்னால் முடியாது.

உல்ரிகா


சொட்டுங்கா, 19 மே 2022

உல்ரிகா,

ஒரே ஒன்றைத்தான் கேட்டேன். உலகத்தில் எத்தனையோ கோடி சொற்கள் இருக்கின்றன. அதில் இரண்டைத் தட்டாதே என்றேன்.

மிட்சம்மருக்கு வர வேண்டாம். அறைக்கு வேறு ஆள் வருகிறார்கள் என்று பொய் சொல்லலாம். சொல்லவில்லை. அறை காலிதான்.

ஹெ. ஹுல்ட்கிரேன்


கோத்தன்பர்க், 27 மே 2022

ஹென்னிங்,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், வங்கிக்கு எழுதுவது போல. சரி. கோபம் உன் உரிமை. பயணத்தை ரத்து செய்துவிட்டேன்.

எனக்கும் கோபம் இருக்கிறது. தவறு செய்தவன் என்பதற்காக இல்லை. ஒன்பது மாதமாக உன் தீவின் காற்று முதல் காணாமல் போன பூனை வரை எல்லாவற்றையும் எனக்குக் கொடுத்தாய், நடுவில் இருந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு. நான் உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். இடம் மாற்றி வைத்த கம்ப்யூட்டர் எனக்கு என்ன காட்டுமோ அதைத்தான் நீயும் காட்டியிருக்கிறாய்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் என் தொழில் சம்பந்தமான ஒன்று உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியாமலே நீ இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ நிரப்பிய படிவம் உன் பெயருக்கு மட்டும்தான். உன் பெயரைப் போட்டால் அந்தச் செய்தி வராது, அவ்வளவுதான். செய்தி எங்கும் போகவில்லை. லிஸ்பெத்தின் பெயரைப் போட்டுப் பார். கோத்தன்பர்க்கில் நின்றாலும், ஹாலிஃபாக்ஸில் நின்றாலும், உன் நூலகத்தில் நின்றாலும் முதலாவதாக அதுதான் வரும், உன் பெயரோடு. அவளைத் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் நீ இத்தனை வருடமும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாய். அவளைத் தேடாத ஒரே ஆள் நீதான் போலிருக்கிறது.

அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. அது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். உன் கண்ணால் நீயே பார்க்க வேண்டியது.

உல்ரிகா


சொட்டுங்கா, 15 ஜூன் 2022

உல்ரிகா,

உன் கடிதத்தைப் பத்து நாள் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ரொட்டி சுடுகிற ஒவ்வொரு முறையும் அது அங்கே இருந்தது.

நேற்று செவ்வாய். நூலகத்துக்குப் போனேன். நூலகக்காரி விவெகா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாள்.

“ஹென்னிங், நீயா? சமையல் புஸ்தகம் அந்தப் பக்கம்.”

“புஸ்தகம் வேண்டாம். கம்ப்யூட்டர்.”

“சரி, உலகம் அழியப் போகுதுன்னு வெளிய போர்டு மாட்டிடறேன்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

லிஸ்பெத் ஓக்கர்ப்ளூம். இந்தப் பெயரை இருபத்து நான்கு வருடமாக நான் எழுதியதில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. எழுத்து எழுத்தாகத் தட்டினேன். நீ சொன்ன செய்தி முதலில் வந்தது. அதற்குக் கீழே அவள் அக்கா பேரித் எழுதி வைத்திருக்கும் இணையப் பக்கம். மேலே ஒரு படம். நாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். நான் அவள் சிரித்துப் பார்த்ததில்லை. கீழே இருந்ததை நீயும் வாசித்திருப்பாய். நான் கையால் எழுதிக்கொண்டு வந்தேன்: “அந்த வருடம் என் தங்கைக்கு மனம் சரியில்லாமல் இருந்தது. அவள் வேண்டுமென்றே படகு வரும் வழியில் போய் நின்றாள் என்று ஊரில் பேசினார்கள். எங்கள் அம்மா அதையே நம்பிக்கொண்டு போன நவம்பரில் இறந்துபோனாள். அன்று காலை லிஸ்பெத்தை யாராவது பார்த்திருந்தால், எதைப் பார்த்திருந்தாலும், எனக்கு எழுதுங்கள்.”

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு விவெகா விளக்குகளை மட்டும் அணைத்துவிட்டுப் போனாள். வெளியே நல்ல வெளிச்சம், அதனால் பரவாயில்லை.

இனி எழுதுவதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

காபி எடுக்கப் போனேன் என்று சொன்னேன். போனது நிஜம். திரும்பி வந்துவிட்டேன் என்பதைத்தான் சொல்லவில்லை. கேப்டன் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சக்கரத்தின் முன்னால் நான் நின்றேன், கையில் கோப்பை. பனி சில இடத்தில் கெட்டியாகவும் சில இடத்தில் கிழிந்தும் இருந்தது. அப்படிக் கிழிந்த ஒரு இடத்தில் வலப்பக்கம் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அந்தக் கோடையில் அங்கே அன்னங்கள் அதிகம். அன்னம் என்று நினைத்தேன். நாங்கள் ஒன்பது நிமிடம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் போனால் பறந்துவிடும் என்று நினைத்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை.

அது பறக்கவில்லை. எழுந்து நின்றது.

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். இரண்டு கையாலும் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். வாய் திறந்திருந்தது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பிறகு சட்டென்று உட்கார்ந்து விலகிப் போகத் துடுப்புப் போட்டாள். வேகமாக, நன்றாகப் போட்டாள். ஐந்து வினாடி இருக்கும், எட்டு இருக்கும். சக்கரத்தைத் திருப்பியிருக்கலாம். கை அசையவில்லை. கனவில் ஓட நினைத்தால் கால் வராதே, அதே போல. கோப்பை கையில் இருந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அந்த இடத்தில் இல்லாமல் போனவன் என்றால் அது கவனக் குறைவு. பார்த்துக்கொண்டே நின்றவன் என்றால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சின்னதைச் சொன்னேன். உரிமத்தைப் பறித்துச் சில மாதம் தண்டனை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் பொய் என்னை மட்டும்தான் காப்பாற்றியது, வேறு யாருக்கும் அதில் கெடுதல் இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

அவள் சாக வந்தவள் இல்லை, உல்ரிகா. உயிரோடு போக முயன்றவள். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவள் அம்மா அது தெரியாமலே போய்விட்டாள்.

ஹென்னிங்


கோத்தன்பர்க், 22 ஜூன் 2022

ஹென்னிங்,

உன் கடிதத்தை டிராமில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசி நிறுத்தமும் வந்து, ஓட்டுநர் வந்து தோளைத் தொட்டார்.

நான் உன்னை மன்னிக்க முடியாது. மன்னிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அது என் கையில் இல்லை என்கிறேன். துடுப்புப் போட்டவள் என் தங்கை இல்லை. நீ எனக்கு எழுதிய நான்கு பக்கமும் தவறான முகவரிக்கு வந்திருக்கிறது. ஆனாலும் எனக்கு எழுதியதால்தான் உன்னால் எழுத முடிந்தது என்றால், அதையும் நான் தள்ளவில்லை.

பேரித்துக்கு எழுது. கடிதமாக வேண்டாம் என்றால் நேரில் போ. கப்பல் ஏற வேண்டும் என்பது தெரியும். ஏறு.

போய் வந்த பிறகு என்ன ஆனாலும் எனக்கு எழுது. நல்லபடியாக முடியாவிட்டாலும் எழுது.

உல்ரிகா


சொட்டுங்கா, 19 ஜூலை 2022

அன்புள்ள உல்ரிகா,

போய் வந்தேன்.

முன்கூட்டியே கடிதம் எழுதினேன். “வியாழன், இரண்டு மணி” என்று மட்டும் பதில் வந்தது. கப்பலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே வந்தேன். வெஸ்தர்விக்கில் பேரித்தின் வீடு ஒரு சரிவில் இருக்கிறது, வாசலில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு சைக்கிள். அறுபது தாண்டிய, உயரமான பெண். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கையைக் கொடுக்கவில்லை. சமையலறையில் உட்கார வைத்தாள்.

“காபி மட்டும் குடுக்க மாட்டேன்,” என்றாள். தண்ணீர் வைத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியபடியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“துடுப்பத் தூக்குனாளா?”

“தூக்குனாங்க.”

“எந்தக் கையால?”

“ரெண்டு கையாலயும்.”

“எந்திரிச்சுக் காட்டு.”

எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னொரு தடவ.”

மறுபடி காட்டினேன். மூன்றாவது முறையும் கேட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவேயில்லை, கைகளை மட்டும்தான் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. அந்தச் சமையலறை முழுக்க ஒரு வெளிச்சம், தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது மாதிரி. எங்கே இருக்கிறேன் என்றே எனக்கு ஒரு கணம் தெரியவில்லை.

“அப்புறம் ஒக்காந்து துடுப்புப் போட்டான்னு சொன்ன?”

“ஆமா. கெட்டிக்காரத்தனமாப் போட்டாங்க. நான் திருப்பியிருந்தா தப்பிச்சிருப்பாங்க.”

“எங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாரு,” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். எனக்கு அங்கே என்ன செய்வது என்று தெரியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாடா, பாவி? ஒரே ஒரு வருஷம். எங்கம்மா ஒவ்வொரு ஜூன் மாசமும், நாம என்ன கொறை வச்சோம்னு கேட்டுக் கேட்டே போனா.”

உல்ரிகா, என் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நான் படிவம் நிரப்பிய நாட்களில் அந்த அம்மாள் உயிரோடு இருந்தாள்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். நான் சொன்னதை என் பெயரோடு அப்படியே எழுதித் தர வேண்டும், அதைத் தன் இணையப் பக்கத்தில் போடுவாள், யார் எங்கிருந்து தேடினாலும் தெரியும்படி. வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது, வக்கீலிடம் கேட்டுவிட்டாளாம். இது வழக்குக்காக இல்லை, ஊருக்காக என்றாள். அந்த மேஜையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். “மறுபடி வராத,” என்றாள். “வேணும்னா நான் எழுதுவேன்.”

திரும்பி வந்ததும், நூலகத்தில் யாராவது பார்த்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். முப்பது வருடம் கப்பலில் இருந்த ஆக்கே மட்டும் எழுந்து, தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிட்டு அறைக்குப் போனார். அன்றிலிருந்து என் கையால் எதையும் வாங்குவதில்லை. பரிமாற வரும் பெண் வைத்தால் சாப்பிடுகிறார். சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஆல்மா மறுநாள் காலை வரை காத்திருந்தாள். கஞ்சி வைக்கும்போது மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தப் பொண்ணு பேரு என்ன?”

“லிஸ்பெத்.”

“சொல்லிட்டே இரு. நாக்கு பழகட்டும்,” என்றாள். “கஞ்சியில உப்பு இல்ல.”

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மே மாதம் நான் எழுதிய அந்த இரண்டு வரிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அறை இன்னும் காலியாக இருக்கிறது. நீ வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் அறை காலி என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஹென்னிங்


கோத்தன்பர்க், 29 ஜூலை 2022

அன்புள்ள ஹென்னிங்,

பேரித்தின் பக்கத்தை நான் இன்று காலை வாசித்தேன். எந்த ஊருக்கும் மாறாமல், என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, நான் இருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு வாசித்தேன். பிறகு ரோலண்டிடம் விடுமுறை கேட்டேன். என் வேலையை அவன்தான் பார்க்க வேண்டும். “தீவுக்கா?” என்றான். “ஆமா, இந்தத் தடவ நெஜமாவே போறேன்,” என்றேன். வழக்கம் போலக் கேலி செய்யப் போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “குளிரும், கம்பளிச் சட்டை எடுத்துக்கோ,” என்று மட்டும் சொன்னான்.

ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, லோங்னெஸ் துறைமுகத்திலிருந்து மதியப் படகு. வேண்டாம் என்றால் எழுத உனக்கு இரண்டு வாரம் இருக்கிறது. வாக்குத் தவறியதற்கு உன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், கடிதத்தில் கேட்டால் பாதிதான் கேட்டது போல இருக்கிறது. நீ செய்ததற்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் உன் மேல் இரக்கம் வருகிறது, மறுநாள் அந்த அம்மாவை நினைத்தால் உன்னைப் பார்க்கவே வேண்டாம் என்று இருக்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன், கோபத்தோடுதான் வருகிறேன். அது போகும்வரை தங்குவேன். எத்தனை நாள் பிடிக்கும் என்று தெரியாததால் பெரிய பெட்டியாக எடுத்து வருகிறேன். துறையிலிருந்து தூக்கிக்கொண்டு நடக்க ஒரு ஆள் வேண்டும்.

உல்ரிகா